பேச்சு வராத பிள்ளைக்கு எதை முதலில் கற்பிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத குழந்தைகளை வளர்ப்பவர்களும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. பெரும்பாலான கடிதங்களில் “பேச்சு எப்போது வரும்?”, “அடம் எப்போது குறையும்?” என்பவை தனித்தனிக் கேள்விகளாகக் கேட்கப்பட்டிருக்கின்றன. இந்தக் குழந்தைகளோடு பழகிய வரையில் அவை இரண்டும் ஒரே கேள்வி என்றே நான் நினைக்கிறேன். பதில்களும் அந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. எது வேண்டுமென்றாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் முன்னால் நிறுத்துவான். பயிற்சி மையத்தில் படங்களைக் கொடுத்துக் கேட்கப் பழக்கலாம் என்கிறார்கள். படத்துக்குப் பழகிவிட்டால் பிறகு வாயைத் திறக்கவே மாட்டான் என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய்

பதில்: பயிற்சி மையத்தின் பேச்சைக் கேளுங்கள், படங்களை இந்த வாரமே தொடங்குங்கள். பேச்சு வரட்டும் என்று நாம் காத்திருக்கும் காலம் முழுவதும் அந்தப் பிள்ளை கேட்கவும் மறுக்கவும் வழியில்லாமல் இருக்கிறான் என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அவர்களுடைய அச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் அந்த அச்சம் இருந்ததால்தான் ஆய்வாளர்கள் அதைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். படம், சைகை, குரல் எழுப்பும் கருவி போன்றவற்றைக் கற்றவர்களின் பேச்சு என்னவாயிற்று என்பதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006ஆம் ஆண்டு ஒரு மதிப்பீடு வெளியானது. அதில், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் நம்பகமான முறையில் கண்காணிக்கப்பட்ட 27 பேரை எடுத்துக்கொண்டால், 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியிருந்தது, எஞ்சியவர்களுக்கு மாற்றமில்லை, ஒருவருக்கும் குறையவில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறியதுதான் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் படம் பேச்சைக் கெடுக்கும் என்ற கருத்துக்கு அந்த ஆய்வுகளில் ஆதாரமே இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. செவித்திறன் பரிசோதனை செய்துவிட்டீர்களா? பிறந்தபோது செய்த சோதனையில் குறை தெரியவில்லை என்பது இன்றைக்குப் போதாது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது போன்றவை பின்னாளில் வருபவை. கூடவே, உதடு, நாக்கு ஆகியவற்றின் அசைவுகளைத் திட்டமிட்டு இயக்குவதில் சிக்கல் இருக்கிறதா என்பதையும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்ல விரும்பியும் வாய் ஒத்துழைக்காத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சி வேறு.

உங்கள் மகன் கையைப் பிடித்து இழுப்பதைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. வேண்டியது கிடைக்க இன்னொரு மனிதரின் உதவி தேவை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவன் உங்கள் கையைத்தான் தேடுகிறான். உங்கள் முகத்தையோ கவனத்தையோ இன்னும் தேடவில்லை. படப் பரிமாற்றம் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. “பெக்ஸ்” என்று மையங்களில் சொல்லப்படும் இந்த முறையை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவரும் 1985இல் உருவாக்கினார்கள். ஆறு படிநிலைகள் கொண்ட அந்த முறையின் முதல் படியில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படிக்குப் பெரியவர் இருவர் வேண்டும். நீங்கள் பிள்ளையின் முன்னால் அமர்ந்து, அவனுக்கு மிகவும் பிடித்த பொருளை, சோப்புக் குமிழி ஊதும் குப்பியை என்று வைத்துக்கொள்வோம், அவன் கண்ணில் படும்படி வைத்திருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தக் குப்பியின் படம் ஒன்று கிடக்கிறது. அவன் குப்பிக்குக் கையை நீட்டும் கணத்தில், அவன் பின்னால் அமர்ந்திருக்கும் இரண்டாமவர் ஒரு சொல்லும் பேசாமல் அவன் கையைப் படத்தை நோக்கித் திருப்பி, எடுக்க வைத்து, உங்கள் விரிந்த உள்ளங்கையில் விட வைக்கிறார். படம் கையில் விழுந்த உடனே “குமிழி!” என்று சொல்லி ஊதுகிறீர்கள். நீங்கள் “என்ன வேண்டும்?” என்று கேட்கவே கூடாது, “படத்தைக் கொடு” என்று சொல்லவும் கூடாது. கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை பழகிவிட்டால், யாரும் கேட்காதபோது அவன் வாளாவிருப்பான். தானாகத் தொடங்குவதுதான் இங்கே பாடம். பின்னால் இருப்பவர் தன் உதவியைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கையை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

அது பிடிபட்ட பிறகு, நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி அமர்வீர்கள். அவன் எழுந்து நடந்து வந்து, திரும்பியிருக்கும் உங்கள் கையில் படத்தைத் திணிக்க வேண்டும். மூன்றாவது படியில்தான் இரண்டு படங்களில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி வருகிறது. பிடித்த ஒன்றையும் ஆர்வமே இல்லாத ஒன்றையும், குமிழிக் குப்பியையும் காலுறையையும் போல, சேர்த்து வையுங்கள். காலுறைப் படத்தைக் கொடுத்தால் காலுறையையே கொடுங்கள். அவன் முகம் போகிற போக்கில் பாடம் விளங்கிவிடும். பல வீடுகளில் முதல் நாளே இருபது படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, “தொட்டுக் காட்டவே மாட்டேன் என்கிறான்” என்று மனம் உடைகிறார்கள். சுவரில் இருக்கும் படத்தை யாரும் பார்க்காதபோதும் தொடலாம். கையில் கொடுக்கும் படத்துக்கு எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும்.

பேச்சு வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான்கு வயதில் பேச்சு கடுமையாகப் பின்தங்கியிருந்த, எட்டு வயதோ அதற்கு மேலோ ஆன 535 குழந்தைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் சொற்றொடர்களைப் பேசும் நிலையை எட்டியிருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சரளமாகப் பேசினார்கள். நான்கு வயதில் கதவு மூடிவிடுவதில்லை. அதே சமயம், மீதிப் பேருக்குச் சொற்றொடர் அளவுக்குப் பேச்சு வரவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் உதவுகிற ஒன்றை இன்றே தொடங்கலாம்.

கேள்வி: ஏழு வயது மகன். பேச்சு இல்லை. பாடம் எழுத உட்கார வைத்தால் தலையைச் சுவரில் மோதுகிறான், தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான், கையில் கிடைத்ததை வீசுகிறான். கண்டிப்பாக வளர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன். கொஞ்சிக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கும் தோன்றுகிறது.
– ஒரு தந்தை

பதில்: நீங்கள் கெடுக்கவில்லை. அடித்துத் திருத்தவும் முடியாது. தன்னைத் தானே கடித்துக்கொள்ளும் பிள்ளையின் மேல் இன்னொரு வலியைச் சுமத்துவதால் அவனுக்கு ஒரு சொல்லும் புதிதாகக் கிடைக்கப் போவதில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள். மோதலும் கடியும் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ திடீரென்று கூடியிருந்தாலோ, பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தூக்கமின்மை ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கும் வரை அதை “நடத்தைப் பிரச்சினை” என்று முடிவு கட்டாதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்று உபாதைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். வலிக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதைத் தலையைக் கொண்டுதான் சொல்வான்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள். மூன்றாவதை எழுதத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் விடை அதில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அது கொஞ்சம் தெரிகிறது. எழுத உட்கார வைத்ததும் மோதுகிறான். மோதியதும், இயல்பாகவே, நோட்டை மூடிவிட்டு அவனைத் தூக்கிக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் தலையால் “போதும்” என்று சொன்னான். அந்தச் சொல் பலித்தது. ஒரு பிள்ளைக்கு அது கடினமான வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாக இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதாக இருக்கும். வேறொருவனுக்குப் பிடித்த பொருள் கிடைக்க வேண்டும் என்பதாகவோ, அந்த அசைவே உடலுக்கு இதமாக இருப்பதாகவோ இருக்கும். நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது.

இதை 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுரண்ட் ஆகிய இரண்டு உளவியலாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். வேலை கடினமாக இருந்தபோது அடாவடி செய்த குழந்தைக்கு உதவி கேட்கும் வாக்கியத்தையும், கவனம் கிடைக்காதபோது அடாவடி செய்த குழந்தைக்குத் தான் செய்த வேலையைக் கவனிக்கும்படி பெரியவரைக் கேட்கும் வாக்கியத்தையும் கற்பித்தபோது நடத்தை பெரிதும் மாறியது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்பித்தபோது மாறவில்லை. ஆக, ஏதோ ஒரு சொல்லைக் கற்பிப்பது பயன்படாது. அவன் தலையால் சொல்லிக்கொண்டிருக்கும் அதே சொல்லைத்தான் அவன் கையில் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு அந்தச் சொல் “இடைவேளை”. ஓர் அட்டையில் தெளிவான படமோ நிறமோ போட்டு, எழுதும் மேசையின் மேல் அவன் கைக்கு எட்டும்படி வையுங்கள். மோதலுக்கு முன் வரும் அறிகுறிகள் உங்களுக்குத் தெரியும்: மூச்சு வேகமாகும், தோள் இறுகும், முனகல் வரும். அந்த நேரத்தில், மோதுவதற்கு முன்பாகவே, அவன் கையால் அட்டையை எடுத்துக் கொடுக்க வைத்து, உடனே நோட்டை மூடி இரண்டு நிமிடம் விடுதலை கொடுங்கள். முதல் சில வாரங்களில் எத்தனை முறை அட்டையை நீட்டினாலும் அத்தனை முறையும் மதிக்க வேண்டும். “இப்போதுதானே கொடுத்தேன்” என்று ஒருமுறை மறுத்துவிட்டால், சுவர் அட்டையைவிட நம்பகமானது என்று அவன் முடிவு செய்துவிடுவான். அட்டை நிலைபெற்ற பிறகு, “இந்த ஒரு வரியை முடி, பிறகு இடைவேளை” என்று வேலையைத் துளித்துளியாகக் கூட்டலாம். அதற்கும் முன்னால், அந்தப் பாடம் அவனுக்கு ஏற்றதுதானா, பென்சிலைப் பிடிக்கவே அவன் விரல்கள் சிரமப்படுகின்றனவா என்றும் பாருங்கள். சில வேளைகளில் பிள்ளை சரியாகத்தான் மறுக்கிறான்.

பழைய வழி பலிக்காமல் போகத் தொடங்கும்போது அது அடங்குவதற்கு முன் சில நாள் கூடுதலாகப் பொங்கும். அதைக் கண்டு பயிற்சி தோற்றுவிட்டது என்று கைவிடாதீர்கள். ஆனால் தலையை மோதும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தலையணையையோ உங்கள் கையையோ இடையில் வைத்து, பேச்சில்லாமல், முகத்தில் பதற்றம் காட்டாமல் காயத்தைத் தடுங்கள். காயம் தொடர்ந்தால் மருத்துவரும் நடத்தைப் பயிற்சியாளரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நிலை அது. மாத்திரைகள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோனை 2006இலும் அரிப்பிப்ரசோலை 2009இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. சிலருக்கு அவை தேவைப்படும். உடல் எடை கூடுதல், தூக்கக் கலக்கம் போன்ற பக்க விளைவுகள் உண்டு. எந்த மாத்திரையும் “போதும்” என்று சொல்லக் கற்றுக்கொடுக்காது.

கேள்வி: என் பேரனுக்கு ஐந்து வயது. அவன் பேசாததற்கு என் மருமகள் குழந்தையோடு சரியாகப் பேசாமல் கைபேசியைக் கொடுத்து வளர்த்ததே காரணம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அவள் அழுகிறாள். அது உண்மையா?
– ஒரு பாட்டி

பதில்: உண்மையில்லை, அம்மா. உங்கள் வாயால் இதை அந்த உறவினர்களிடம் சொல்லிவிட்டால் உங்கள் மருமகளுக்கு எந்தப் பயிற்சி மையமும் தர முடியாத உதவி கிடைக்கும்.

தாயைக் குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சு பழையது. லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. பெற்றோரின் அன்புக் குறைவு பற்றிய குறிப்பும் அதில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைப் பெரிதாக்கி, அன்பில்லாத தாயால் வரும் நோய் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி, எண்ணற்ற தாய்மாரை வதைத்தார்கள். தானே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை ஆதாரங்களோடு மறுத்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருப்பதையும், தனித்தனிக் கருவில் உண்டான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லாததையும் காட்டினார்கள். மரபணுக்களின் பங்கு அன்றிலிருந்து மேலும் மேலும் உறுதியாகியிருக்கிறது. 

கைபேசி ஆட்டிசத்தை உண்டாக்கவில்லை. ஆனால் திரையோடு கழியும் நேரம் மனிதரோடு கழியாத நேரம் என்பதால், அதைக் குறைப்பது நல்லதே. அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேரன் எதை வைத்துக்கொண்டிருக்கிறானோ, அதை நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு அவன் எதிரே தரையில் அமருங்கள். அவன் வண்டிச் சக்கரத்தைச் சுழற்றினால் நீங்களும் சுழற்றுங்கள். “அப்படி இல்லை, இப்படி ஓட்டு” என்று திருத்தாதீர்கள். அவன் நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் கணம் வரும். அப்போது “சுத்துது!” என்று ஒற்றைச் சொல் சொன்னால் போதும். ஒரே பொருளை இருவர் சேர்ந்து கவனிக்கும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் மொழி வளர்கிறது.

கேள்வி: என் வகுப்பில் பேசாத மாணவன் ஒருவனுக்குக் குரல் எழுப்பும் செயலியுடன் டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். பாடம் நடக்கும்போது ஒரே பொத்தானை ஐம்பது தடவை அழுத்துகிறான். விளையாட்டுப் பொருளாக்கிவிட்டான் என்று எடுத்து வைத்துவிட்டேன். ஒழுங்காக நடந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?
– ஓர் ஆசிரியை

பதில்: தயவுசெய்து நாளைக் காலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதிகம் பேசும் மாணவனின் வாயைத் துணியால் கட்டிவிட்டு, ஒழுங்காக இருந்தால் அவிழ்க்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டீர்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் ஒலியைக் குறைக்கலாம். கருவியைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்கக் கூடாது.

ஐம்பது தடவை அழுத்துவதில் எனக்கு வியப்பில்லை. கைக்குழந்தைகள் மாதக்கணக்கில் ஒரே ஒலியை உளறிப் பழகிய பிறகுதான் சொல்லுக்கு வருகிறார்கள். இவன் விரலால் உளறுகிறான். அந்தப் பொத்தானுக்கு நீங்கள் பொருள் கொடுக்க வேண்டும்: “பந்து” என்று அழுத்தினால் பந்தை எடுத்துக் காட்டுங்கள், இயலாத நேரமானால், அதே திரையில் “பிறகு” என்பதையும் “பந்து” என்பதையும் நீங்களே தொட்டுக் காட்டுங்கள்.

இந்தத் தொட்டுக் காட்டல்தான் வகுப்பில் குறைகிறது. பேசக் கற்கும் குழந்தை, யாரும் எதையும் எதிர்பார்க்காத ஓராண்டுக் காலம் சுற்றிலும் பேச்சைக் கேட்கிறது. டேப்லெட்டில் பேச வேண்டிய குழந்தையோ, டேப்லெட்டில் பேசும் ஒரு மனிதரைக்கூடப் பார்த்ததில்லை. நாளெல்லாம் வாயால் பேசும்போதே முக்கியமான ஒன்றிரண்டு சொற்களைத் திரையிலும் தொடுங்கள்; அவனைத் திருப்பிச் செய்யச் சொல்லாதீர்கள். பெயர்ச் சொற்களை மட்டும் அடுக்காமல், “வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், உதவி, போ, வா, பிடிக்கவில்லை” போன்ற எல்லா இடத்துக்கும் பொருந்தும் சொற்கள் முதல் பக்கத்தில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். நாம் இரண்டு நொடியில் பொறுமை இழந்து கேள்வியை மாற்றிக் கேட்கிறோம். அவன் முதல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்து விழுகிறது.

இதில் பலன் உண்டா என்றால், உண்டு. கோனி கசாரியும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் எட்டு வயது வரையான, இருபது சொற்களுக்கும் குறைவாகப் பேசிய 61 குழந்தைகளுக்கு விளையாட்டு வழிப் பயிற்சி கொடுத்தார்கள். தொடக்கத்திலிருந்தே குரல் எழுப்பும் கருவியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள், கருவி இல்லாமல் தொடங்கியவர்களைவிட அதிகமாகத் தாமாகவே பேசினார்கள்.

கேள்வி: வாரம் 40 மணி நேரம் ஏபிஏ எனப்படும் நடத்தைப் பயிற்சி கொடுத்தால் பாதிக் குழந்தைகள் சாதாரணமாகிவிடுவார்கள் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். அங்கே என் மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைக்கிறார்கள். கைகளை உதறினால் பிடித்து அழுத்துகிறார்கள். அவள் அந்த வாசலைக் கண்டாலே அலறுகிறாள். தொடரலாமா?
– ஒரு தாய்

பதில்: நீங்கள் விவரிக்கும் விதத்தில் தொடர வேண்டாம். வாசலைக் கண்டு அலறுவதும் செய்திதான். அவளால் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

“பாதிக் குழந்தைகள்” என்ற கணக்கு ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. வாரம் 40 மணி நேரத்துக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற 19 சிறு குழந்தைகளில் 9 பேர் இயல்பான நிலையை எட்டியதாக அவர் எழுதினார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை; அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியின் பகுதியாக இருந்தன. அந்த ஒரு கணக்கை வைத்து உங்கள் மகளுக்கு வாக்குறுதி தருவது நேர்மையாகாது. அதற்காக நடத்தைப் பயிற்சி முழுவதையும் தள்ளச் சொல்லவில்லை. மேலே நான் எழுதிய அட்டைப் பயிற்சியும் அந்த மரபில் பிறந்ததுதான். விளையாட்டுக்குள்ளும் அன்றாட வேலைக்குள்ளும், குழந்தையின் விருப்பத்தைப் பிடித்துக்கொண்டு கற்பிக்கும் முறைகள் இன்று வளர்ந்திருக்கின்றன. அவை தெரிந்தவர்களைத் தேடுங்கள்.

கண்ணைப் பார்ப்பது தமக்கு வேதனையாக இருந்தது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பார்க்காமலே கேட்கிற பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கைகளை உதறுவதால் அவளுக்கோ பிறருக்கோ காயம் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். பரபரப்பை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. புதிய மையத்துக்குப் போகும்போது, “என் மகள் ‘வேண்டாம்’ என்று காட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “பழக்கிவிடுவோம்” என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: பேசாத பிள்ளையின் கையை ஒருவர் தாங்கிப் பிடித்தால் எழுத்துப் பலகையில் கவிதையே எழுதுகிறான் என்று ஒரு காணொளி பார்த்தோம். என் தம்பிக்கும் செய்யலாமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பது கையைத் தாங்கிப் பிடிப்பவர்தான், பெரும்பாலும் தம்மை அறியாமலே. ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி கிராஸ்லி தொடங்கிய இந்த முறையை 1990இல் டக்ளஸ் பிக்லன் அமெரிக்காவில் பரப்பினார். 1993இல் வெளியான ஒரு சோதனையில் பிள்ளைக்கு ஒரு படமும் கை பிடிப்பவருக்கு வேறொரு படமும், ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாதபடி காட்டப்பட்டன. பலகையில் பிள்ளை பார்த்த படத்தின் பெயர் வரவே இல்லை. கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர்தான் வந்தது. அமெரிக்கப் பேச்சு – மொழி – செவித்திறன் சங்கம் 2018இல், இது மதிப்பிழந்த முறை, பயன்படுத்தக் கூடாது என்று மீண்டும் அறிவித்தது. பலகையை ஒருவர் கையில் ஏந்திக் காட்டித் தூண்டும் முறையையும் அது பரிந்துரைக்கவில்லை. 

இதில் பணம் வீணாவதைவிடப் பெரிய இழப்பு, உங்கள் தம்பியின் உண்மையான சொல்லுக்குக் காது கொடுக்காமல் போவது. யாரும் தொடாமல், அவனே தேர்ந்தெடுத்துத் தரும் ஒரு படம் அந்தக் கவிதையைவிட மதிப்புள்ளது.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. பேச்சு வரவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு தொடங்கிப் பயனுண்டா? வயது வந்த பெண் என்பதால் பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: பயனுண்டு. படத்துக்கும் கருவிக்கும் வயது வரம்பு கிடையாது. ஆனால் சிறு குழந்தைக்கான பாடத்திட்டத்தோடு தொடங்காதீர்கள். நிறங்களையும் விலங்குகளின் பெயர்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இப்போது தேவைப்படும் சொற்கள் வேறு: “வலிக்கிறது”, அதோடு உடல் உறுப்புகளின் பெயர்கள், அந்தரங்க உறுப்புகள் உட்பட, “மாதவிடாய்”, “துணி மாற்ற வேண்டும்”, “கழிப்பறை”, “தனியாக இருக்க வேண்டும்”, “தொடாதே”, “நிறுத்து”. பேச முடியாதவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்ற எண்ணமே தீயவர்களுக்குத் துணிச்சல் தருகிறது. என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று காட்ட அவளிடம் படங்களும் வீட்டாரின் புகைப்படங்களும் இருக்க வேண்டும்.

மறுக்கும் உரிமை இல்லாமல் வளர்ந்த பெண்ணுக்குத் “தொடாதே” என்ற அட்டை திடீரென்று விளங்காது. அதை வீட்டில் உங்களிடமே பழகட்டும். தலை வாரும்போது “நிறுத்து” அட்டையை அருகில் வையுங்கள். அவள் தொட்டால், பாதிப் பின்னலாக இருந்தாலும், சீப்பைக் கீழே வைத்துவிடுங்கள். குளிப்பாட்டும்போது ஒவ்வொரு உறுப்பைத் தொடும் முன்பும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். முடிந்ததை அவளே செய்யட்டும். அந்தரங்க வேலைகளுக்குக் கதவைச் சாத்தும் பழக்கத்தை, கதவின் மேல் ஒரு படம் ஒட்டி, இன்றிலிருந்தே கொண்டுவாருங்கள். ஊசி போடுதல், மருந்து கொடுத்தல் போன்று மறுக்க முடியாதவை சில உண்டு. அவற்றில் “நிறுத்து” அட்டையைக் கொடுத்துவிட்டு மீறாதீர்கள். என்ன நடக்கும், எப்போது முடியும் என்பதை வரிசைப் படங்களால் முன்கூட்டியே காட்டுங்கள்.

வீட்டைவிட்டு வெளியே போய்விடும் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அருகில் உள்ள நீர்நிலைகளைத்தான் முதலில் நினைவில் வையுங்கள். இப்படிக் காணாமல் போகும் பிள்ளைகளின் மரணங்களில் நீரில் மூழ்குவதே முதன்மையான காரணம். நீச்சலை மற்றப் பயிற்சிகளுக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். பெயர், உங்கள் தொலைபேசி எண், “எனக்குப் பேச்சு வராது, நான் படங்களால் பேசுவேன்” என்ற வரி ஆகியவற்றைக் கொண்ட அட்டையை அவள் எப்போதும் அணிந்திருக்கட்டும். டேப்லெட் வாங்கினாலும், அதன் முதல் பக்கத்தை அப்படியே காகிதத்தில் அச்சிட்டு, தண்ணீர் பட்டாலும் கெடாதபடி உறையிட்டு, ஒன்றைக் கழிப்பறைச் சுவரிலும் ஒன்றை அவள் பையிலும் வையுங்கள். மின்கலம் தீர்ந்துபோகும் நேரத்திலும் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.